வாரிக்கு முன்னால் போகட்டும் வெப்பக் கேமரா

ஆப்பிரிக்காவில் சாட் நாட்டின் வடக்கே, சகாரா மணலுக்கு நடுவில் ஃபாயா-லார்ஜோ என்ற பேரீச்சைச் சோலை நகரம் இருக்கிறது. 1980-களில் லிபியப் படை அதைப் பிடித்து வைத்திருந்தது. 1987-ல் சாட் வீரர்கள் டொயோட்டா பிக்அப் வண்டிகளில் பாய்ந்து வந்து லிபியாவின் டாங்கிகளைச் சிதறடித்தார்கள். அந்தச் சண்டைக்கு டொயோட்டா போர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தோற்ற படை ஊரைவிட்டுப் போனது. புதைத்த கண்ணிவெடிகள் போகவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவை மணலுக்கடியில் கிடந்தன. காற்று சில இடங்களில் மணலை அள்ளிப் போட்டு அவற்றை இன்னும் ஆழத்தில் மறைத்தது, சில இடங்களில் மணலை வாரிக்கொண்டு போய் அவற்றை வெளியே காட்டியது.

2019-ல் அந்த மணல்வெளிக்கு மேலே ஒரு சிறிய ட்ரோன் பறந்தது. அதன் அடியில் வெப்பக் கேமரா ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. போரில் உறுப்புகளை இழந்தவர்களுக்காக 1982-ல் தொடங்கப்பட்டு, ஹேண்டிகேப் இன்டர்நேஷனல் என்ற பெயரில் பல ஆண்டுகள் இயங்கி, இன்று ஹியூமானிட்டி அண்ட் இன்க்ளூஷன் என்று அழைக்கப்படும் தொண்டு நிறுவனமும், மொபிலிட்டி ரோபாட்டிக்ஸ் என்ற ட்ரோன் நிறுவனமும் சேர்ந்து செய்த முயற்சி அது. கண்ணுக்கு வெறும் மணலாகத் தெரிந்த இடத்தில், கேமராவின் திரையில் சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்ட சின்னச் சின்ன வட்டங்கள் தெரிந்தன. அடியில் வெடிகள் இருந்தன. ஆராய்ச்சிக்கூடத்துத் தொட்டியில் புதைத்த மாதிரி வெடிகளை வெப்பப் படத்தில் பார்ப்பது புதிதல்ல. பல பத்தாண்டுகளாக நடக்கிறது. போர்க்காலத்தில் உண்மையாகவே புதைத்து, ஒரு தலைமுறைக்காலம் கைவிடப்பட்ட வெடிகளைச் சாதாரண விலை ட்ரோனிலிருந்து கண்டது புதிது.

இந்தச் செய்தியைப் படித்தவுடன் பலருக்கும் தோன்றும் முதல் எண்ணம், இனி மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்து மண்ணைக் கிளற வேண்டியதில்லை என்பதாகத்தான் இருக்கும். அந்த நம்பிக்கை தவறானது. தவறானது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. ஆனால் அதற்காக வெப்பக் கேமராவை ஓரங்கட்டிவிடுவதும் பெரிய இழப்பு. அந்தக் கருவியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இந்த நிலத்தில் உள்ள எல்லா வெடிகளையும் காட்டு" என்று கேட்டால் அது தோற்றுப்போகும். "வெடி வரிசை எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் போகிறது, எங்கே முடிகிறது" என்று கேட்டால் அதனால் பல இடங்களில் பதில் சொல்ல முடியும். அந்தப் பதில் யாருக்கு வேண்டுமோ இல்லையோ, வட இலங்கைக்கு வேண்டும்.

மண்ணுக்கடியில் இருப்பதை மேலிருந்து ஒரு கேமரா எப்படிப் பார்க்கிறது? உண்மையில் அது மண்ணை ஊடுருவிப் பார்ப்பதே இல்லை. மண்ணின் மேல்தோலைத்தான் பார்க்கிறது. வெயிலில் காய்ந்த மொட்டை மாடி இரவு ஒன்பது மணிக்கும் பாதத்தைச் சுடுவதும், பக்கத்திலுள்ள தோட்டத்து மண் அதற்குள் ஆறிவிடுவதும் எல்லோரும் அறிந்தது. பொருளுக்குப் பொருள் சூட்டை வாங்கும் வேகமும் விடும் வேகமும் வேறு. புதைந்த கண்ணிவெடி, மண்ணுக்குள் நடக்கும் வெப்பப் போக்குவரத்தைக் குறுக்கே மறிக்கிறது. பகலில் மேலிருந்து இறங்கும் சூடு, வெடியின் பிளாஸ்டிக் உறையிலும் உள்ளே இருக்கும் வெடிமருந்திலும் தடைபடுவதால், வெடிக்கு நேர் மேலே உள்ள மண் கொஞ்சம் கூடுதலாகச் சுடும். இரவில் கீழிருந்து ஏறி வரும் சூடும் அதேபோல் தடைபடுவதால், அந்த இடம் மட்டும் சற்று முன்னதாகக் குளிரும். வேறுபாடு ஒரு டிகிரி இருக்கலாம், அதற்கும் குறைவாக இருக்கலாம். கைக்குத் தெரியாத அந்த வேறுபாடு, ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கைக்கூடப் பிரித்தறியும் இன்றைய கேமராவுக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். முப்பட்டகம் பிரித்த வண்ணங்களில் சிவப்புக்கு அப்பால், வெளிச்சமே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானி ஏறியதைப் பார்த்துத்தான் அவர் அகச்சிவப்பைக் கண்டுகொண்டார். அந்த ஒளியைப் படமாக்கும் கேமராக்கள் நீண்ட காலம் பெரிய, விலை கூடிய ராணுவக் கருவிகளாகவே இருந்தன. உணர்வுப் பகுதியைக் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டியிருந்தது. 1980-களில் அமெரிக்க ராணுவத்தின் நிதியில் ஹனிவெல் நிறுவனம் உருவாக்கிய, குளிரூட்டல் தேவைப்படாத உணர்விகள்தான் நிலைமையை மாற்றின. இன்று அவை தீயணைப்பு வீரர்களின் கையிலும், மின்கம்பி சோதிப்பவர்களின் கையிலும், ட்ரோன்களின் வயிற்றிலும் இருக்கின்றன.

மண்ணில் நாள்தோறும் ஏறி இறங்கும் சூடு ஓர் அலைபோல உள்ளே போகிறது. போகப் போக அடங்குகிறது. சாதாரண மண்ணில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மேற்பரப்பின் ஏற்ற இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். 30 சென்டிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அந்த ஆழத்தில் கிடக்கும் சிறிய வெடி மேற்பரப்பில் எந்த அடையாளத்தையும் விட்டுவைக்காது. ஆகவே வெப்பக் கேமரா என்பது மேலோட்டமாகப் புதைந்தவற்றுக்கான கருவி. மனிதரைக் குறிவைக்கும் மிதிவெடிகள் பெரும்பாலும் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே புதைக்கப்படுகின்றன என்பதால்தான் இந்த முறைக்கு வாழ்வே இருக்கிறது.

நேரமும் முக்கியம். பகலில் சூடாகவும் இரவில் குளிராகவும் தெரியும் ஓர் இடம், இடையில் இரண்டு முறை சுற்றுப்புறத்தோடு ஒரே வெப்பநிலைக்கு வந்தாக வேண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. அந்த நேரத்தில் ட்ரோனைப் பறக்கவிட்டால் வெடிவயல்கூடச் சுத்தமான நிலமாகத் தெரியும். எந்த மணிக்கு அது நிகழும் என்பது மண்ணின் ஈரம், வெடியின் ஆழம், மேகம், காற்று என எல்லாவற்றையும் பொறுத்து மாறும். பெல்ஜியத்தில் ஹிஷெம் சாஹ்லியும் வியட்நாமைச் சேர்ந்த கணிதவியலாளர்களும் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சமன்பாடுகளாக எழுதிப் பார்த்தது. ஒரே ஒரு படத்தை நம்பாமல், நாள் முழுவதும் எடுத்த படங்களின் வரிசையை வைத்து, புதைந்திருப்பது என்ன, எவ்வளவு ஆழத்தில் என்று பின்னோக்கிக் கணக்கிடும் வழி அது. கணக்கு சரியாக வர முதலில் அந்த மண்ணின் வெப்பக் குணங்கள் தெரிந்திருக்க வேண்டும். சகாராவில் எடுத்த அளவு வட இலங்கையின் பளைத் தென்னந்தோப்புக்குப் பொருந்தாது.

இன்னொரு அடையாளமும் உண்டு. புதிதாகத் தோண்டி மூடிய மண், பக்கத்து மண்ணைவிட இளகியிருக்கும்; மணலில் அதன் அகச்சிவப்பு ஒளிர்வே மாறியிருக்கும். உக்ரைனில் நேற்றுப் புதைத்த வெடியைத் தேட இது உதவலாம். பதினைந்து இருபது மழைக்காலங்களைக் கண்ட நிலத்தில் அந்தத் தடம் கரைந்து போயிருக்கும்.

புதையாமல் தரையின் மேலேயே கிடக்கும் வெடிகளில் இந்த முறை இன்னும் தெளிவாக வேலை செய்கிறது. பட்டாம்பூச்சி வெடி என்று அழைக்கப்படும் பி.எஃப்.எம்.-1, சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் வானிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மிதிவெடி. இரண்டு சிறகு, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, 40 கிராமுக்கும் குறைவான திரவ வெடிமருந்து. விளையாட்டுப் பொருள் என்று நினைத்து எடுத்த குழந்தைகள் கைகளை இழந்தார்கள். உலோகம் மிகக் குறைவு என்பதால் உலோகம் தேடும் கருவிக்கு இது எளிதில் சிக்காது. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் நிக்குலின், டிமோதி டி ஸ்மெட் இருவரும் மாணவர்களோடு சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு, விடிந்தவுடன் இந்த வெடியின் பிளாஸ்டிக்கும் சுற்றியுள்ள கல்லும் வேறுவேறு வேகத்தில் சூடேறும் சிறு இடைவெளியைப் பயன்படுத்தி, விலை குறைந்த ட்ரோனிலிருந்து அவற்றைக் காண முடியும் என்று காட்டியது. பிறகு படங்களைக் கணினியே பார்த்து வெடிகளை அடையாளம் காணப் பழக்கினார்கள். உக்ரைன் போரில் இதே வெடிகள் மறுபடியும் மண்ணில் சிதறியபோது, மாணவர்களோடு சேர்ந்து தொடங்கிய அந்த வேலை உலகுக்கு எவ்வளவு தேவை என்பது புரிந்தது.

இவ்வளவு நம்பிக்கை இருந்தும், இந்தக் கேமராவை மட்டும் நம்பி ஒரு நிலத்தை மக்களிடம் ஏன் ஒப்படைக்க முடியாது? மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றலுக்கு ஐ.நா. 1990-களில் வகுத்த அளவுகோல் 99.6 விழுக்காடு. நூறில் தொண்ணூறு வெடியைக் கண்டுபிடிக்கும் கருவி படைத்தளபதிக்குப் போதும். டாங்கி போக ஒரு பாதை கிடைத்தால் அவருடைய வேலை முடிந்தது. அந்த நிலத்தில் மிளகாய் நடப்போகும் பெண்ணுக்கு மிஞ்சிய பத்தும் மரணம். புல் மூடிய இடத்தில் கேமரா மண்ணைப் பார்க்காது, புல்லைத்தான் பார்க்கும். ஈர மண்ணில் நீர் ஆவியாகும்போது மண்ணின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் தோன்றும். கல், வேர், எறும்புப் புற்று, மரநிழல் கடந்துபோன இடம், பழைய ஷெல் துண்டு என ஒவ்வொன்றும் ஒரு பொய்ச் சைகை தரும்.

ஆனால் பொய்ச் சைகை என்பது வெப்பக் கேமராவுக்கு மட்டும் உரிய குறையல்ல. இன்றுவரை உலகெங்கும் பணியின் முதுகெலும்பாக இருக்கும் உலோகம் தேடும் கருவியின் கதையைப் பார்த்தால் போதும். கம்போடியாவில் 1992-க்கும் 1998-க்கும் இடையில் தோண்டி எடுக்கப்பட்ட பொருட்கள் 20 கோடிக்கும் மேல். அவற்றில் வெடிகளாக இருந்தவை 0.3 விழுக்காடு என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2003-ல் எழுதியது. மீதியெல்லாம் ஆணி, தகரம், தோட்டா உறை, துண்டுக் கம்பி. ஒவ்வொன்றையும் அது வெடியாக இருக்கலாம் என்ற நினைப்போடு, மண்டியிட்டு, மெல்ல மெல்லச் சுரண்டித்தான் எடுத்தார்கள். ஒரு நிலம் சுத்தமாக ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று கேட்பவர்களுக்கு அந்த ஓர் எண்ணே விடை.

வேறு வழிகளும் வந்திருக்கின்றன. உலோக உணர்வியோடு மண்ணைத் துளைக்கும் ராடாரை இணைத்த கைக்கருவிகள் கம்போடியாவிலும் அங்கோலாவிலும் வேலை செய்தன. கம்போடியாவில் மகாவா என்ற ஆப்பிரிக்க எலி மோப்பம் பிடித்து வெடிகளைக் காட்டி 2020-ல் பிரிட்டனின் விலங்கு நலத் தங்கப் பதக்கத்தையே பெற்றது. இலங்கையிலேயே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் திரிஷாந்த நாணயக்கார கீரியையும் சிறிய ரோபோவையும் ஒன்றாகக் கட்டி வெடி தேடப் பழக்கினார். இவை எல்லாமே ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு உதவும் முறைகள். எந்த இடத்துக்குப் போவது என்ற கேள்வி இவற்றுக்கு முந்தியது.

அந்தக் கேள்வியில்தான் பணமும் காலமும் கரைகின்றன. போர் முடிந்ததும் ஊர்மக்களிடம் விசாரித்து, விபத்து நடந்த இடங்களைக் குறித்து, ராணுவ வரைபடம் கிடைத்தால் பார்த்து, "இங்கே இருக்கலாம்" என்று சந்தேக நிலத்துக்கு எல்லை போடுகிறார்கள். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் எல்லையைத் தாராளமாகவே போடுகிறார்கள்; அது சரியும்கூட. விளைவு, ஒரு வெடியும் இல்லாத ஏக்கர் கணக்கான நிலம் சிவப்புப் பலகைக்குப் பின்னால் முடங்குகிறது. பிறகு அதே நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்து, ஒன்றும் இல்லை என்று எழுதி வைக்கிறார்கள். ஒன்றும் இல்லாத நிலத்தைச் சோதித்த ஒவ்வொரு நாளும், வெடி இருக்கும் வேறொரு நிலத்தில் யாரோ ஒருவர் காலை வைக்கக்கூடிய நாள்.

வெப்பப் படத்தின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. படைகள் காவலரணுக்கு முன்னால் புதைக்கும் வெடிகள் பெரும்பாலும் வரிசையாக, ஏறத்தாழச் சம இடைவெளியில் புதைக்கப்படுகின்றன. பத்தில் ஆறு மட்டும் படத்தில் தெரிந்தாலும், அந்த ஆறும் ஒரே கோட்டில் சம தூரத்தில் நின்றால், மீதி நாலும் எங்கே இருக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர் சொல்லிவிடுவார். தனித்தனியாக நம்ப முடியாத புள்ளிகள், வரிசையாக நிற்கும்போது சாட்சி சொல்கின்றன. வேரும் கல்லும் சம இடைவெளியில் வரிசை கட்டுவதில்லை. நூறு விழுக்காடு தேவைப்படும் வேலைக்குத் தகுதியில்லாத கருவி, அறுபது விழுக்காட்டை வைத்தே இந்த வேலையைச் செய்துவிடும். வெடி எங்கே என்று காட்டிய பிறகு, அதை எடுக்கும் வேலை பழையபடி மனிதக் கைகளுக்கே.

முகமாலையைச் சுற்றியுள்ள நிலத்தை நினைத்துப் பார்க்கலாம். 2000-லிருந்து உள்நாட்டுப் போரின் இறுதிக்காலம் வரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்துப் பகுதியில் இலங்கை ராணுவம், விடுதலைப் புலிகள் என்ற இரு தரப்பின் முன்னரங்கும் எதிரெதிரே நின்ற இடம் அது. இத்தாவில், வேம்பொடுகேணி, முகமாலை என்று பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தின் ஊர்கள் அந்த அரண்களுக்குள் சிக்கின. ஏ-9 வீதியின் சோதனைச் சாவடியைக் கடந்தவர்களுக்கு இரு பக்கமும் தலையிழந்து நின்ற பனைகள் நினைவிருக்கும். உலகில் மிக நெருக்கமாகக் கண்ணிவெடி புதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்றாகவே அது எண்ணப்படுகிறது. பாகிஸ்தானில் தயாரான பி-4 வகைப் பிளாஸ்டிக் மிதிவெடி, அதைப் பார்த்துப் புலிகள் செய்த ரங்கன் 99, மரப்பெட்டியில் செய்த ஜொனி 95, வாகனங்களுக்கான அம்மான் 2000 எல்லாம் வடக்கின் மண்ணில் கலந்து கிடந்தன.

அங்கே வேலை செய்யும் முறை உலகின் மற்ற இடங்களிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. உலோகம் குறைந்த வெடிகளும் இளகிய மணலும் சேர்ந்த இந்த நிலத்தில், நீளமான பிடியுள்ள இரும்புப் பல் வாரியால் மண்ணை மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்துத் தேடும் முறை வளர்ந்தது. முகத்தை மூடும் கவசமும் மார்புக் கவசமும் அணிந்து, வெயிலில், ஒரு மீட்டர் அகலப் பாதையில் முன்னேறுகிறவர்களில் பலர் அந்த ஊர்ப் பெண்கள். அவர்களில் போரில் கணவனை இழந்தவர்களும், தனியே குடும்பத்தைத் தாங்குகிறவர்களும் உண்டு. ஹாலோ ட்ரஸ்ட், மேக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களும் ராணுவத்தின் பிரிவும் அங்கே பணி செய்கின்றன. தங்கள் சொந்தக் காணியைத் தாங்களே அங்குலம் அங்குலமாக மீட்கும் இந்தப் பெண்களுக்குத் தமிழுலகம் உரிய மரியாதையை இன்னும் தரவில்லை.

இலங்கை 2017 டிசம்பரில், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஓட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் 1-க்குள் நாட்டிலுள்ள எல்லா மிதிவெடி நிலங்களையும் சுத்தம் செய்து முடிக்க வேண்டும். நாள் நெருங்குகிறது, பணமோ சுருங்குகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது பல நாடுகளில் வெடி அகற்றும் குழுக்கள் வேலையை விட்டு வீட்டுக்குப் போக நேர்ந்தது. அதே ஆண்டில் எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, ஃபின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் உடன்படிக்கையிலிருந்து விலக முடிவெடுத்தன. உலகின் கவனமும் காசும் உக்ரைன் பக்கம் திரும்பியிருக்கும்போது, வன்னிக் காட்டோரத்தில் மிஞ்சியிருக்கும் வெடிகளுக்கு நிதி கேட்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகும். 2023-ல் மட்டும் உலகில் கண்ணிவெடிகளாலும் போர் விட்டுச்சென்ற வெடிபொருட்களாலும் 5,757 பேர் இறந்தோ காயமடைந்தோ இருக்கிறார்கள். பொதுமக்களா படையினரா என்று தெரிந்தவர்களில் 84 விழுக்காட்டினர் பொதுமக்கள். இந்தக் கணக்கில் வடக்கின் ஊர்ப்பெயர் இனி ஒருபோதும் வரக் கூடாது.

ஆகவே குறைந்த காசில் அதிக நிலத்தைப் பார்க்கும் எந்த வழியையும் சோதிக்காமல் விடுவதற்கு இலங்கைக்கு உரிமை இல்லை. சோதிக்க வேண்டும் என்பதுதான் இங்கே கோரிக்கை. உடனே நம்ப வேண்டும் என்பதல்ல. சகாராவில் பலித்தது முகமாலையில் பலிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அங்கே செடியே இல்லை. இங்கே கைவிட்ட நிலத்தில் முட்புதரும் வடலியும் இடுப்பளவு எழுந்து நிற்கின்றன. அங்கே பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வெகுவாக மாறும்; இங்கே கடல் பக்கத்திலேயே இருந்து அந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கிறது. அங்கே பெரிய வாகன வெடிகளும் இருந்தன; இங்கே பி-4 உள்ளங்கை அளவுதான். போதாததற்கு ஐப்பசியில் தொடங்கும் மாரி, மண்ணின் வெப்பக் குணத்தையே மாற்றிப்போடும்.

ஆனால் சாதகங்களும் இருக்கின்றன. வைகாசி முதல் புரட்டாசி வரை மழை அரிது. முகமாலை, யாழ்ப்பாணத்து நாகர்கோவில் பக்கத்து மணல் இளகியது, ஒரே சீரானது. சீரான மண்ணில்தான் மாறுபட்ட புள்ளி எடுத்துக் காட்டும். வடமராட்சி கிழக்கின் மணல் திட்டுகளில் செடி குறைவு. எதிரெதிர் அரண்களின் இடம் பல இடங்களில் தெரியும் என்பதால், வெடி வரிசை எந்தத் திசையில் ஓடும் என்ற முன்யூகமும் கையில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெடியை எடுத்த பிறகு "இந்த ஆழத்தில், இந்த வகை, இந்த இடத்தில்" என்று குழுக்கள் பல ஆண்டுகளாக எழுதி வைத்த பதிவுகள் இருக்கின்றன. வெப்பப் படத்தைச் சரிபார்க்க இதைவிட நல்ல விடைத்தாள் வேறு எங்கும் கிடைக்காது.

இதைச் செய்ய வெளிநாட்டிலிருந்து யாரும் வந்து இறங்க வேண்டியதும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. முகமாலையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெடிமருந்து நீக்கிய பி-4 உறைகளிலும் ரங்கன் 99 உறைகளிலும் வெப்பக் குணத்தில் வெடிமருந்தை ஒத்த பொருளை நிரப்பி, முகமாலை மணலிலும் குடாநாட்டுச் செம்மண்ணிலும் இரண்டு, ஐந்து, பத்து சென்டிமீட்டர் ஆழங்களில் புதைத்து, மேலே கம்பத்தில் பொருத்திய கேமராவால் மணிக்கு ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம். மாணவர்கள் தங்கள் இறுதியாண்டுத் திட்டமாகவே செய்யத்தக்க வேலை இது. எந்த மாதம், எந்த மணி, எந்த ஆழம் என்று மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தாலே பாதி கிணறு தாண்டியாகிவிடும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ட்ரோன் வடிவமைத்துப் பழகிய கைகள் சென்னையில் இருக்கின்றன. 2009-க்குப் பிறகு இந்திய அரசின் செலவில் இந்தியக் குழுக்கள் வடக்கில் வெடி அகற்றியிருக்கின்றன. அந்த உதவியின் அடுத்த கட்டம் இப்படிப்பட்ட கூட்டு ஆராய்ச்சியாக இருப்பது பொருத்தம்.

இந்தியாவுக்கு இதில் சொந்தத் தேவையும் உண்டு. ஓட்டாவா உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 2001 இறுதியில் நாடாளுமன்றத் தாக்குதலைத் தொடர்ந்து பாகிஸ்தான் எல்லையில் படை குவித்தபோது பஞ்சாப், ராஜஸ்தான், ஜம்மு வயல்களில் ராணுவம் பெருமளவு வெடிகளைப் புதைத்தது. பின்பு அவற்றை எடுக்கையில் வீரர்களும் விவசாயிகளும் பலியானார்கள். ராஜஸ்தான் மணலில் வெப்பப் படம் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்துகொள்வது எந்தக் கட்சி அரசுக்கும் வீண்செலவாகாது.

பெரிய தடை பணமாக இருக்காது, அனுமதியாகத்தான் இருக்கும். இலங்கையில் ட்ரோன் பறக்கவிட விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் பாதுகாப்பு அமைச்சின் ஒப்புதலும் வேண்டும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ட்ரோன்களுக்கு மொத்தமாகவே தடை போட்டிருந்தார்கள். முகாம்கள் நிறைந்த வடக்கில், இரவில் பார்க்கும் வெப்பக் கேமராவோடு ஒரு ட்ரோன் பறப்பதைப் படையினர் எளிதில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கவலையைத் தீர்க்க வழி இருக்கிறது. வெடி அகற்றும் பணியில் ராணுவத்துக்கே பங்கு உண்டு. பறக்கும் நேரம், உயரம், எல்லை ஆகியவற்றை முன்கூட்டியே பதிந்து, ராணுவப் பிரிவையும் கூட்டாளியாக வைத்து, சிவப்புப் பலகை நட்ட நிலத்துக்கு மேலே மட்டும் பறக்க அனுமதிக்கலாம். எடுத்த படங்கள் கிளிநொச்சியிலும் இருக்கட்டும், கொழும்பிலும் இருக்கட்டும். மக்களின் காணியைப் பற்றிய தகவல் மக்களுக்கும் தெரிய வேண்டும். வரைபடம் பிரதேச செயலகச் சுவரில் தொங்க வேண்டும்.

படத்தைப் பார்ப்பது யார் என்பதும் முக்கியம். இத்தகைய திட்டங்களில் வழக்கமாகக் கணினிப் பொறியாளர்கள் திரை முன் அமர்வார்கள், களப்பணியாளர் வெளியே நிற்பார். பல ஆண்டுகள் அந்த மண்ணை வாரியால் இழுத்த பெண்ணுக்கு, அரணின் முனையில் வெடியை எப்படிப் புதைப்பார்கள், வேலிக்கரையில் எப்படி, கிணற்றடியில் எப்படி என்று தெரியும். படத்தில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தால் அவருக்கு உறுத்தும். ஒரு புள்ளி தேவையில்லாமல் இருந்தால் அதுவும் தெரியும். கணினிக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியராக அவரை அமர்த்தி, அதற்குரிய சம்பளத்தையும் பயிற்சியையும் தர வேண்டும். 2028-க்குப் பிறகு வாரி தேவைப்படாத நாளில் அந்தக் குடும்பங்களுக்கு வருமானம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை இன்றே எழுப்ப வேண்டியவர்கள், அதற்கு ஒரு விடையையும் இதில் காணலாம். உக்ரைனிலும் அங்கோலாவிலும் இன்னும் பல பத்தாண்டுகளுக்கு இந்தத் திறமை வேண்டியிருக்கும்.

சோதனை நிலத்துக்கு ஓர் ஏக்கர் போதும். இரண்டு கேமராக்கள், ஒரு ட்ரோன், மண்ணின் ஈரத்தையும் சூட்டையும் அளக்கும் சில கருவிகள், ஒரு கோடைக்காலம், ஒரு மாரிக்காலம். வைகாசியில் வெற்று உறைகளைப் புதைத்துவிட்டால், ஐப்பசி மழை இறங்குவதற்கு முன் முதல் முடிவுகள் கையில் இருக்கும். அடுத்த கோடையில் உண்மையான வெடிவயலுக்கு மேலே பறக்கலாம். அப்போதும் முடிவு நாளுக்கு முன்பாகக் கொஞ்சம் காலம் மிச்சம் இருக்கும்.